ஆட்டிசப் பிள்ளைக்கு வயிற்றுச் சப்ளிமென்ட்: வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ கடைக்கு வந்தால், பெரும்பாலும் கையில் மருந்துச் சீட்டு இருக்காது. போன் இருக்கும், அதில் ஒரு டப்பாவின் படம் இருக்கும். "அண்ணே, இது கிடைக்குமா? இதைக் குடுத்தா குடல் சரியாகிப் பேச்சு வருமாம்ல?"

எடுத்துக் கொடுத்துவிட்டால் எனக்கு லாபம்தான். ஆனாலும் அந்தக் கேள்வியில் இரண்டு விஷயம் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறது. வயிறு சரியாவது ஒன்று, ஆட்டிசம் குறைவது இன்னொன்று. முதலாவதற்கு நல்ல வழிகள் உண்டு. இரண்டாவதைச் செய்யும் டப்பா எதுவும் எந்தக் கடையிலும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். புதிதாக இந்த வழிக்கு வந்திருக்கும் பெற்றோருக்காகத்தான், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில் எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொல்லை அதிகம் என்பது உண்மை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளிவந்த அலசல் ஒன்று, பொதுவாக வயிற்றுத் தொல்லை இவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 4 மடங்குக்கும் மேல் என்று காட்டியது; மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி என்று தனித்தனியாகப் பார்த்தாலும் அதிகம்தான். ஆகவே "வயிற்றைக் கவனி" என்று யாராவது சொன்னால் அது நல்ல யோசனை. "வயிற்றால்தான் ஆட்டிசமே வந்தது" என்று சொன்னால் அங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளின் மலத்தைப் பரிசோதித்த ஆய்வு 2021-இல் வந்தது. ஆட்டிசத்துக்கும் குடலில் இயல்பாக வாழும் கிருமிகளுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு, பிள்ளை சாப்பிடும் பண்டங்களின் வகை குறைவதால் கிருமிகளின் வகையும் குறைகிறது என்பதுதான் அதில் தெரிந்தது. அதாவது தட்டில் இருப்பது குடலை மாற்றுகிறது.

இப்படி ஒரு அலை முன்பும் அடித்திருக்கிறது. 1998-இல் செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோனை ஊசியில் போட்டதும் மூன்று பிள்ளைகள் முன்னேறினார்கள் என்று அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஊர் உலகமெல்லாம் பெற்றோர் அந்த ஊசியைத் தேடி ஓடினார்கள். பிறகு மருந்து ஊசி பாதிப் பேருக்கு, வெறும் உப்புநீர் ஊசி பாதிப் பேருக்கு என்று போட்டு, யாருக்கு எது என்று தெரியாமல் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வித்தியாசமே இல்லை. உப்புநீர் போட்ட பிள்ளையின் பெற்றோரும் "மாறிவிட்டான்" என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் தானாகவும் வளர்கிறார்கள், நம்பிக்கையோடு பார்க்கும் கண்ணுக்கு அது மருந்தின் வேலையாகத் தெரிகிறது. கீழே நான் நோட்டு, காலண்டர் என்று பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

1. இரண்டு வாரம் எதுவும் வாங்காமல் குறியுங்கள்

வீட்டில் மாதக் காலண்டர் மாட்டியிருக்கும். அந்தக் கட்டங்களே போதும். பிள்ளை வெளிக்குப் போன நேரம், மலத்தின் வடிவம், அன்று சாப்பிட்டது, தூக்கம், அழுகை அல்லது அடம். இவ்வளவுதான்.

வடிவத்தைக் குறிக்க 'பிரிஸ்டல்' அட்டவணை என்று ஒன்று உண்டு. 1 முதல் 7 வரை எண். 1 என்றால் ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக. 2 என்றால் கட்டி கட்டியாகச் சேர்ந்த தடித்த துண்டு. 3, 4 நல்லது. 5-க்கு மேல் இளக ஆரம்பித்து, 7 என்றால் முழுக்கத் தண்ணீர். டாக்டரிடம் "கொஞ்சம் டைட்டா போறான் சார்" என்பதற்குப் பதில் "இரண்டு வாரத்தில் நாலு தடவைதான் போனான், எல்லாம் 1-ம் 2-ம்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பேசாத பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்? உடம்பால்தான் சொல்லும். ஊஞ்சல் பலகையின் விளிம்பிலோ திண்ணை ஓரத்திலோ வயிற்றை அழுத்திக்கொண்டு கிடப்பது, முதுகை வில்லாக வளைப்பது, ராத்திரி திடீரென எழுந்து கத்துவது, சாப்பிட்டு முடித்ததும் கையைக் கடித்துக்கொள்வது. நுனிக்காலில் நின்று தொடைகளை இறுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும் பிள்ளை மலம் கழிக்க முயல்வதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அவன் வெளியே விடாமல் அடக்கிக்கொண்டிருக்கிறான். போன தடவை வலித்தது அவனுக்கு நினைவிருக்கிறது. இதையெல்லாம் "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்று தள்ளிவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. புதிதாக ஓர் அடமோ தன்னைத்தானே அடித்துக்கொள்வதோ ஆரம்பித்தால் பல்லையும் காதையும் வயிற்றையும் முதலில் பாருங்கள்.

இன்னொன்று. ஜட்டியில் அடிக்கடி தண்ணீராகக் கறை படிகிறது என்றால், உடனே வயிற்றுப்போக்கு என்று முடிவு கட்டாதீர்கள். வாய்க்காலில் கல் அடைத்தால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு வழிகிற மாதிரி, கெட்டிப்பட்ட மலம் உள்ளே அடைத்திருக்க, அதன் ஓரமாக இளகிய மலம் கசியும். இந்தப் பிள்ளைக்குப் பேதி நிற்க மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். கடையில் "பேதிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்பவர்களிடம் "கடைசியாக முழுசா எப்போ போனான்?" என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

2. டாக்டரிடம் காலண்டரோடு போங்கள்

குழந்தை மருத்துவர் போதும். முதலிலேயே மதுரைக்கும் சென்னைக்கும் ஓட வேண்டியதில்லை. அரசு வழியில் போவதென்றால், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்க மாவட்டந்தோறும் டி.இ.ஐ.சி. என்ற மையம் அமைக்கும் திட்டம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்தவர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், ராயவரம், கோனாபட்டு, திருமயம் பக்கத்தவர்கள் புதுக்கோட்டையிலும் விசாரியுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். வயிற்றைத் தொட்டுப் பார்த்து மலம் அடைத்திருக்கிறதா? எடை, உயரம் வயதுக்குச் சரியாக ஏறுகிறதா? ரத்தசோகை உண்டா? குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது? பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளி, அங்கன்வாடிகளில் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும், போனாலும் மாத்திரையைத் துப்பிவிடும் பிள்ளைக்கும் அது விட்டுப்போயிருக்கும். மண், சுண்ணாம்பு, பெயின்ட் உதிரல் எதையாவது வாயில் போடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு, ஈயம் இரண்டையும் யோசிக்க வைக்கும் தகவல் அது. பழைய வீடுகளில் உதிரும் பெயின்டுக்குப் பஞ்சமில்லை.

பிள்ளை ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் எழுதிக் கொண்டுபோங்கள். அடத்துக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மலச்சிக்கலை உண்டாக்கலாம். கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும். இரும்புச்சத்து டானிக் மலத்தை இறுக்கும், கறுப்பாகவும் ஆக்கும். இப்படி இருக்கும்போது காரணம் குடல் கிருமியில் இல்லை, நேரத்தையோ அளவையோ டாக்டர் மாற்றினாலே சரியாகலாம். நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம், குறிப்பாக வலிப்பு மருந்தை.

காலண்டர் நிரம்பும்வரை காத்திருக்கக் கூடாத அடையாளங்களும் உண்டு. மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, வயிறு கல் மாதிரி உப்பி இறுகுவது, எடை குறைவது, விடாத காய்ச்சல். பொத்தான் பேட்டரியோ காந்தமோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே அந்த நிமிடம் ஆஸ்பத்திரிதான்.

3. அடைப்பு இருந்தால் அதை முதலில் எடுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிக் குதித்துப் போகிறார்கள். மலம் அடைத்த வயிற்றுக்குள் எத்தனை கோடி நல்ல கிருமியைக் கொட்டினாலும் வலி போகாது.

டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூள், அல்லது லாக்டுலோஸ் சிரப். தூள் குடலுக்குள் உறிஞ்சப்படாமல் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும். முதலில் சில நாள் அதிக அளவில் கொடுத்து அடைப்பை வெளியேற்றுவார்கள், அப்புறம் குறைந்த அளவில் தொடர்வார்கள். அளவு எடையைப் பொறுத்தது, அதை டாக்டரே சொல்லட்டும். பெற்றோர் தடுக்கி விழும் இடம் அதன்பிறகு வருகிறது. ஒரு வாரத்தில் நன்றாகப் போக ஆரம்பித்ததும் "பழகிவிடும்" என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். சர்வதேசக் குழந்தைக் குடல் மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டுதல், தொடர் மருந்து குறைந்தது 2 மாதமாவது வேண்டும், தொல்லை முழுக்க நீங்கி ஒரு மாதம் கழித்துத்தான் மெதுவாகக் குறைக்க வேண்டும் என்கிறது. விரிந்துபோன குடல் பழைய அளவுக்குச் சுருங்க அவ்வளவு நாளாகும். அதே வழிகாட்டுதல் மலச்சிக்கலுக்கு புரோபயாடிக்கை, அதாவது நல்ல கிருமி அடைத்த சப்ளிமென்டை, பரிந்துரைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கழிப்பறையும் மருந்துக்குச் சமம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் அது பின்கட்டைத் தாண்டிக் கடைசியில், இருட்டாக, எதிரொலியோடு இருக்கும். பெரியவர்களே ராத்திரியில் யோசிப்பார்கள். ஃபிளஷ் சத்தம், ஈரத்தரை, ஃபினாயில் வாடை எல்லாமே ஆட்டிசப் பிள்ளைக்குப் பெரிய தொந்தரவு. விளக்கைப் போட்டுவையுங்கள். பிள்ளை வெளியே வந்தபிறகு ஃபிளஷ் செய்யுங்கள். மேற்கத்திய கோப்பை என்றால் கால் தொங்கக் கூடாது. காலடியில் ஒரு மணைக்கட்டையைப் போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்கார வையுங்கள். காலையும் இரவும் சாப்பிட்டபின் ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். சாப்பாடு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறோம். போனாலும் போகாவிட்டாலும் திட்டக் கூடாது.

அப்பத்தாவோ ஆயாவோ "விளக்கெண்ணெய் ஊத்துடி" என்பார்கள். மாதம் ஒரு பேதி என்பது அவர்கள் காலத்து முறை. அது குடலை முறுக்கி வெளியேற்றும். வலியால்தான் பிள்ளை மலத்தை அடக்குகிறான், அவனுக்கு இன்னொரு வலி தேவையில்லை. பெரியவர்களிடம் சண்டை போடாமல் "டாக்டர் வேற மருந்து குடுத்திருக்காருங்க ஆச்சி, அது முடியட்டும்" என்று சொல்லிச் சமாளியுங்கள். உரை மருந்தில் வசம்பு சேர்ப்பதையும் தவிர்க்கலாம். அதிலுள்ள அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968 முதல் உணவில் வசம்பைச் சேர்க்கத் தடை உண்டு.

4. அடுப்படியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குக் கோழியும் மிளகும்தான். பிள்ளையின் வயிற்றுக்கு உதவுவது நம் காலைப் பலகாரமும் பழைய சோறும் மோரும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை எடுத்துவிடலாம். இட்லி, தோசை, பணியாரம் புளித்த மாவில் செய்வதால் அவற்றில் நல்ல கிருமி இருக்கிறது என்பார்கள். மாவில் இருக்கிறது, வேகும்போது செத்துவிடுகிறது. இட்லி எளிதில் செரிக்கும், நல்ல உணவு, ஆனால் உயிருள்ள கிருமி அதில் இல்லை. உயிரோடு கிடைக்க வேண்டுமானால் தயிர், மோர், நீராகாரம். சூடான சோற்றில் தயிரைக் கொட்டிப் பிசைந்தால் அங்கேயும் பலன் குறையும். சோறு ஆறட்டும். நீராகாரத்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள். சித்திரை வைகாசியில் ஒரு ராத்திரிக்கு மேல் வைக்காதீர்கள்.

நார்ச்சத்துக்குப் பழைய எளிய கணக்கு ஒன்று உண்டு. பிள்ளையின் வயதோடு 5 கூட்டினால் வருவது, ஒரு நாளைக்குத் தேவையான கிராம். ஆறு வயதென்றால் 11 கிராம். நூறு கிராம் கொய்யாவில் 5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. தவிடு நீக்காத கவுனி அரிசி, தட்டைப்பயறு, அவரை, கீரை எல்லாம் கை கொடுக்கும். ஆனால் இதை எழுதுவது சுலபம். ஐந்தே பண்டம் சாப்பிடும் பிள்ளையிடம் கீரையை நீட்டினால் தட்டுதான் பறக்கும்.

வெள்ளையாக இருப்பதை மட்டும் தொடும் பிள்ளைகள் நிறைய உண்டு. சோறு, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், பால். அவர்களுக்கு வெள்ளைக்குள்ளேயே தேடுங்கள். தோல் சீவிய வெள்ளைக் கொய்யா, நுங்கு, இளநீர் வழுக்கை, துருவிய தேங்காய், தோல் எடுத்த வெள்ளரி. பிடித்த இடியாப்பத்தில் மாவை மாற்றுவதென்றால் முதல் வாரம் ஒரு சிட்டிகை கேழ்வரகு, பிறகு இன்னொரு சிட்டிகை. நிறம் மாறியது பிள்ளைக்குத் தெரிந்து முகத்தைத் திருப்பினால் ஒரு படி பின்னால் போங்கள். பிள்ளை வாங்கி மோந்து பார்த்தாலே அன்றைக்கு வெற்றி. சாப்பிட வேண்டும் என்றில்லை. மொறுமொறுப்பு பிடிக்கும் பிள்ளைக்குத் தேன்குழலும் சீப்புச் சீடையும் தெரிந்த பண்டம், அங்கிருந்து வறுத்த கடலைக்கும் வறுத்த பட்டாணிக்கும் நகர்த்தலாம். ஆனால் நாலு வயதுக்குள்ளும், மெல்லத் தெரியாத பிள்ளைக்கும் முழுக்கடலை மூச்சுக்குழாயில் போய்விடும், பொடித்துக் கொடுங்கள்.

தண்ணீரை விட்டுவிட்டு நார்ச்சத்தை மட்டும் ஏற்றினால் மலச்சிக்கல் கூடும். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பெருமை பேசுவோம். அதே ருசிதான் பிள்ளைக்கும் வேண்டும். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறினால் குடிக்காத பிள்ளைகள் உண்டு, விசேஷங்களுக்குப் போகும்போது வீட்டுத் தண்ணீரையே பாட்டிலில் கொண்டுபோங்கள்.

கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தும் உணவுமுறையைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. ஆட்டிசத்துக்கு அது பலன் தருவதாக நல்ல சான்று இதுவரை இல்லை. ஆனாலும் ஒரு தடவை செய்துதான் பார்ப்போம் என்று நினைப்பவர்களுக்கு: கோதுமையை நிறுத்துவதற்கு முன், கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நிறுத்தியபின் செய்தால் நோய் இருந்தாலும் காட்டாமல் போகலாம். நம் வீட்டுப் பலகாரங்கள் அரிசியும் உளுந்தும் என்பதால் கோதுமையை விடுவது வடக்கத்தியருக்கு இருக்கும் அளவுக்குச் சிரமமில்லை. பிஸ்கட், ரஸ்க், சேமியா, ரவை, பரோட்டா இவற்றோடு கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பால், தயிரை நிறுத்துவதுதான் ஆபத்து. ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் சேர்ந்தே போய்விடும். உணவு ஆலோசகர் துணையில்லாமல் அதைத் தொடாதீர்கள்.

5. இப்போது கடைக்கு வரலாம்

இவ்வளவுக்குப் பிறகும் தேவை இருந்தால்தான் சப்ளிமென்ட்.

புரோபயாடிக் என்றால் உயிருள்ள கிருமி. ஆட்டிசப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலருக்கு உப்புசமும் வலியும் குறைந்திருக்கிறது, பலருக்கு மாற்றமில்லை. ஆனால் ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜி.ஜி., சக்காரோமைசஸ் பௌலார்டி ஆகிய இரண்டுக்கும் நல்ல சான்று இருக்கிறது. இரண்டாவது ஒரு ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள். கிருமியின் முழுப்பெயர், அதன் ரக எழுத்தோ எண்ணோ சேர்த்து. வெறுமனே 'லாக்டோபேசில்லஸ்' என்று போட்டிருந்தால் எது என்றே தெரியாது. 2020-இல் இந்தக் குடும்பத்துக்குப் பெயர்களை மாற்றினார்கள், ஆகவே புதிய டப்பாவில் 'லாக்டிகேசிபேசில்லஸ் ரம்னோசஸ்' என்று இருந்தால் பழைய ஆள்தான். அடுத்து எண்ணிக்கை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி புரோபயாடிக் உணவில் ஒரு நாள் அளவுக்கு 10 கோடி உயிருள்ள கிருமியாவது இருக்க வேண்டும். ஒரு பில்லியன் என்பது 100 கோடி, எண் பெரிதாக இருப்பதாலேயே உசத்தி என்று அர்த்தமில்லை. மூன்றாவது, எந்தக் குளிரில் வைப்பது. 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தால் அக்னி நட்சத்திரத்தில் கூரியரில் வந்த டப்பாவுக்குள் என்ன உயிரோடிருக்கும்? அப்படிப்பட்டதைக் குளிர்பெட்டியில் வைத்து விற்கும் கடையில் வாங்குங்கள், அல்லது வெயிலைத் தாங்கும் வித்து வகையான பேசில்லஸ் கிளாசி போன்றதை டாக்டரிடம் கேளுங்கள்.

உணவுச் சப்ளிமென்டாக விற்பவற்றில் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். அந்த வாசகத்துக்கு மேலேயே "ஆட்டிசத்தைக் குணப்படுத்தும்" என்று அச்சடித்திருந்தால் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை, ரத்தக்குழாயில் நிரந்தரக் குழாய் பொருத்திய பிள்ளை, குறைமாதத்தில் பிறந்த சிசு ஆகியோருக்கு இந்தக் கிருமியே ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது.

ப்ரீபயாடிக் என்பது கிருமிக்குப் போடும் தீனி, இனுலின், எஃப்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும். அளவு கூடினால் வாயு. இசப்கோல் கொடுத்தால் நிறையத் தண்ணீரோடு, மற்ற மருந்துகளிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி. தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு அது வேண்டாம். செரிமான என்சைம், குளுட்டமின், 'கசியும் குடல்' பவுடர் இவற்றுக்கு நான் பணம் செலவழிக்க மாட்டேன். வீட்டுக்கே வந்து மலம் வாங்கிப் போய் வண்ண வண்ண அறிக்கை தரும் கிருமிப் பரிசோதனையும், நூறு உணவுக்கு ஒவ்வாமை காட்டும் ஐ.ஜி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். இரண்டாவதை ஒவ்வாமை மருத்துவ அமைப்புகளே வேண்டாம் என்கின்றன.

வைட்டமின் டி பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு நாள் தேவை 600 அலகு. கடையில் கிடைக்கும் சிறு பாக்கெட்டில் 60,000 அலகு இருக்கிறது. அதை வாரம் ஒன்று, சில வாரம் மட்டும் என்று எழுதுவார்கள். தினம் ஒன்று என்று கொடுத்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமாகப் படுத்தால் நாம் தீர்க்க வந்த தொல்லையே திரும்பிவிடும்.

குளோரின் டை ஆக்சைடு, 'மிராக்கிள்' கனிமக் கரைசல் என்றெல்லாம் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அது துணி வெளுக்கும் ரசாயனம். அதைக் குடித்தபின் மலத்தில் நூல் நூலாக வருவதைப் புழு என்று காட்டுவார்கள், உண்மையில் அது வெந்துபோன குடல் சவ்வு. உலோக விஷத்தை எடுப்பதாகச் சொல்லும் 'கீலேஷன்' மருந்தை ஏற்றியதில் 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன் ஒருவன் இறந்தான். இவற்றில் யோசிக்க எதுவுமில்லை.

6. கொடுக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றுதான். புது சப்ளிமென்டை ஆரம்பிக்கும் மாதத்தில் புதுத் தெரபி, புதுப் பள்ளி, கோடை விடுமுறைப் பயணம் எதுவும் கூடுமானவரை சேராமல் பாருங்கள். சொன்ன அளவில் பாதியில் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். நான்கு வாரம் காலண்டரில் குறியுங்கள். எதைப் பார்த்துப் 'பலன்' என்று சொல்வீர்கள் என்பதை ஆரம்பிக்கும் நாளிலேயே எழுதிவைத்துவிடுங்கள். "நல்லா இருக்கான்" என்று எழுதினால் பயனில்லை. "வாரத்தில் ஐந்து நாளாவது 3 அல்லது 4 வடிவம்" அல்லது "ராத்திரி எழுவது வாரம் ஒரு தடவைக்குக் குறைய வேண்டும்" என்று எழுதுங்கள். பள்ளி ஆசிரியரிடம் சொல்லாமல் வைத்திருந்து, நான்கு வாரம் கழித்து மாற்றம் தெரிந்ததா என்று கேட்பது நல்ல தந்திரம். அவருக்கு டப்பா வாங்கிய செலவு தெரியாது அல்லவா.

மாற்றம் இல்லையென்றால் நிறுத்துங்கள். இருந்தாலும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். தொல்லை திரும்பினால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடரலாம்.

மாத்திரை விழுங்காத பிள்ளைக்குக் காப்ஸ்யூலைப் பிரித்து ஆறிய மோரிலோ தயிரிலோ கலக்கலாம், சூடான கஞ்சி வேண்டாம். பிள்ளை உயிராக நினைக்கும் பண்டத்தில் மட்டும் ஒளித்துவைக்காதீர்கள். ருசி மாறியது தெரிந்துவிட்டால் அந்தப் பண்டத்தையே அடியோடு விட்டுவிடும், இருக்கும் ஐந்தில் ஒன்று போய்விடும். தனிக் கரண்டி, தனி நேரம், கொடுத்தபின் பிடித்தது ஒரு வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய கடைசி விஷயம் வெளிநாட்டு டப்பாக்கள். கல்யாணம், படைப்பு, கோயில் விசேஷம் என்று சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவினர்கள் வரும்போது, பாசத்தோடு கரடிப் பொம்மை வடிவ 'கம்மி' (ஜெல்லி மிட்டாய் மாதிரி மெல்லும் வைட்டமின்) டப்பா நாலைந்து வந்து சேரும். மிட்டாய் என்று நினைத்துப் பிள்ளை ஒரே மூச்சில் முக்கால் டப்பாவைத் தின்றுவிடும் அபாயம் முதலாவது. வைட்டமின் ஏ, டி, இரும்பு ஆகியவை அதில் இருந்தால் அது விஷம்தான். அலமாரியில் பூட்டிவையுங்கள். சர்க்கரை இல்லாத வகையில் சார்பிட்டால், மால்டிட்டால் இருக்கும், வயிறு இளகும். எல்லா டப்பாவிலும் வைட்டமின் டி இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். வாங்கி வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கும். அடுத்த தடவை வருவதற்கு முன் போனில் கேட்டால், "சித்தப்பா, டப்பா வேண்டாம், காதை மூடும் ஹெட்ஃபோன் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, கழிப்பறைச் சத்தத்துக்கு ஆகும்" என்று சொல்லிவிடுங்கள். கொண்டுவந்த டப்பாவைக் கடைக்கு எடுத்து வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்கிறேன், எந்த மருந்துக்கடைக்காரரும் சொல்வார். அதற்குக் காசு கிடையாது.